ஆடியில் ஒன்று, மாசியில் ஒன்று: போர்ட் லூயிஸ் அச்சகம் விண்டோஸ் 11க்கு மாறிய விதம்

பின்னணி

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இயங்கும் சிறிய அச்சகம் இது. உரிமையாளர் ஐம்பதைக் கடந்தவர். தமிழ்த் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் அவருடைய அக்காவின் பொறுப்பு. முப்பது ஆண்டுகளாக அந்த நாற்காலியை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உரிமையாளரின் மகன் கல்லூரி முடிந்து மாலையில் வந்து கவுண்டரைக் கவனிப்பார். கணினிப் பராமரிப்பு என் தொழில். மாதத்துக்கு ஒருமுறை அங்கே போவேன். எங்கள் பேச்சு பாதி உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும் பாதி தமிழிலும் நடக்கும். இங்கே முழுவதையும் தமிழில் தருகிறேன்.

கல்யாண அழைப்பிதழ், கோயில் நிகழ்ச்சி நிரல், நாட்காட்டி, கருமாதிப் பத்திரிகை, கடைகளுக்கான ஸ்டிக்கர் எழுத்துகள் ஆகியவைதான் வேலை. அழைப்பிதழ்களில் பெரும்பாலானவை ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் தமிழ். இந்த இருமொழி விஷயம் பின்னால் எங்களைப் படுத்தியதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

வெள்ளம் எடுத்த முடிவு: ஜனவரி 2024

அச்சகத்தின் முதல் விண்டோஸ் 11 கணினி யாரும் யோசித்து வாங்கியது அல்ல. 2024 ஜனவரி 15, பொங்கல் நாள். பெலால் புயல் நெருங்கிய அன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அச்சகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரையில் நின்ற கணினி ஒன்று செத்தது. மேசை மேல் இருந்தவை தப்பின. தைப்பூசக் காவடி ஜனவரி 25 அன்று. கோயில்களின் நிகழ்ச்சி நிரல்கள் பாதி அச்சாகாமல் கிடந்தன. மூன்றாம் நாளே கடையில் கிடைத்த கணினியை வாங்கி வந்தார்கள். அதில் விண்டோஸ் 11 ஏற்கெனவே இருந்தது.

அவசரத்தில் நான் செய்தது, காப்பு டிஸ்கில் இருந்த கோப்புகளை நகலெடுத்து வைத்தது மட்டும்தான். அக்கா ஒரு கோயிலின் நிகழ்ச்சி நிரலைத் திறந்தார். எழுத்துகள் ஒழுங்காகத்தான் தெரிந்தன. அச்சடித்து, புரூஃப் தாளைக் கையில் எடுத்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கட்டத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்துக் கேட்டார்: "தம்பி, பால்குடம் எங்கே?"

பால்குடம் புறப்படும் நேரத்தைச் சொல்லும் கடைசி வரி காணாமல் போயிருந்தது. கோப்பு லதா எழுத்துருவில் தயாரானது. முந்தைய விண்டோஸ்களில் லதா கூடவே வரும். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. தமிழை மொழிப் பட்டியலில் சேர்த்தால்தான் அந்தத் தொகுப்பு இறங்கும். புதுக் கணினியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. ஆகவே வேர்டு, லதாவுக்குப் பதிலாக நிர்மலா எழுத்துருவைப் போட்டுக்கொண்டது. வரிகளின் அளவு மாறியது. உயரம் நிலைப்படுத்தப்பட்ட கட்டம் கடைசி வரியை விழுங்கிவிட்டது.

தமிழைச் சேர்த்ததும் பத்து நிமிடத்தில் சரியானது. ஆனால் எழுத்து உடைந்து தெரிந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். இது அழகாகத் தெரிந்துகொண்டே தவறாக இருந்தது. அக்காவின் கண் இல்லாவிட்டால் அந்தத் தாள் அப்படியே கோயிலுக்குப் போயிருக்கும்.

கேள்வி எழுந்தது: ஜூலை 2025

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்பது வெகு நாளாகத் தெரிந்த செய்தி. 2015 ஜூலையில் வந்த இயங்குதளம் அது. அந்த நாளுக்குப் பிறகு கணினி நின்றுபோகாது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான இலவச அடைப்பு நின்றுபோகும். உரிமையாளர் ஜூலைத் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, "எல்லாவற்றையும் எப்போது மாற்றலாம்?" என்று கேட்டார். நான் வழக்கம்போல் கணினிகளைப் பட்டியலிட்டேன்.

2024இல் வாங்கிய புதுக் கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதைப் பற்றிக் கவலை இல்லை. கவுண்டர் கணினி 2019இல் வாங்கியது, இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 ஏற்குமா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்டின் சோதனை மென்பொருள் அந்தக் கணினியைத் தகுதியற்றது என்றது. உண்மையில் தகுதி இருந்தது: விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புக் கூறான டி.பி.எம். 2.0, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் திருத்திவிடலாம். கவுண்டர் பையன், "அண்ணா, இது செத்த கணினி என்று சொல்லுகிறதே" என்றார். பல வீடுகளில் நல்ல கணினி குப்பைக்குப் போவது இந்த ஒரு திரையைப் பார்த்துத்தான்.

அக்காவின் வடிவமைப்புக் கணினி 2017ஆம் ஆண்டுக்கானது, ஏழாம் தலைமுறைச் செயலி. அதற்கு விண்டோஸ் 11 இல்லை. நான்காவது, மூலையில் துணி போர்த்தி நிற்கும் 32 பிட் விண்டோஸ் 7 கணினி. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகளைத் திறக்க மட்டும் அது உயிரோடு இருக்கிறது. இணைய இணைப்பு கிடையாது.

இந்தப் பட்டியலோடு நான் சொன்ன யோசனை: செப்டம்பரில் இரண்டு நாள் கடையை மூடி எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அக்கா சிரித்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார்.

ஆர்டர் நோட்டு சொன்னது

அந்த நோட்டில் மாதங்கள் தமிழில்தான் இருக்கின்றன. புரட்டாசியில் கோவிந்தன் சனிக்கிழமைகளுக்கான தாள்கள். 2025இல் புரட்டாசி பிறப்பது செப்டம்பர் 17 அன்று. நான் கடையை மூடச் சொன்ன வாரம் அது. அடுத்து தீபாவளி, அக்டோபர் 20. விண்டோஸ் 10 முடிகிற நாளுக்கு ஆறு நாள் பின்னால். அதன் பிறகு நாட்காட்டிகள், ஆண்டிறுதித் தீமிதிகள், 2026 பிப்ரவரி 1 அன்று தைப்பூசக் காவடி. நோட்டில் வெள்ளையாகக் கிடந்த பக்கங்கள் இரண்டே இடத்தில்: ஆடி, மாசி. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஆகவே அழைப்பிதழ் வேலையே இல்லை. கடைசி வாரத்தில்தான் ஆவணிக்காரர்கள் வரத் தொடங்குவார்கள்.

என் பட்டியல் கணினிகளைப் பற்றியது. அவருடையது வேலைகளைப் பற்றியது. எந்த வேலை எந்தக் கணினியில், எந்த எழுத்துருவில், எந்தப் பிரிண்டரில் நடக்கிறது என்று அந்த நோட்டை வைத்து மறுபடியும் எழுதினோம். ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. எழுதி முடித்தபோது கேள்வியே மாறியிருந்தது. விண்டோஸ் 10 எப்போது முடிகிறது என்பதை விட, இன்றைக்கும் ஆர்டர் வருகிற மிகப் பழைய கோப்பு எது என்பதுதான் எங்களைக் கட்டிப்போட்டது. அது 2000க்கு முந்தைய 8 பிட் தமிழ் எழுத்துருவில் (யூனிகோடு அல்லாத பழைய குறியீடு) அடித்த ஒரு பதிகப் புத்தகம். ஆண்டுதோறும் மறு அச்சு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கவுண்டர் கணினியை ஆடியிலேயே மாற்றுவது. பணச் செலவில்லை, தவறினாலும் அச்சு வேலை நிற்காது.

வடிவமைப்புக் கணினியைத் தைப்பூசம் முடியும்வரை தொடாமல், மாசியில் புதிது வாங்கி மாற்றுவது. இதில் விவாதம் நடந்தது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் பதிவேட்டை (ரெஜிஸ்ட்ரி) திருத்தித் தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடலாம் என்றார் பையன். ஏற்றலாம்தான். ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. காவடிக்கு முந்தைய வாரம் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது? அக்காவின் கணினி சோதனை செய்து பார்க்கிற கணினி அல்ல என்று மறுத்துவிட்டேன்.

அப்படியானால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான நான்கு மாத இடைவெளி? கட்டணம் செலுத்திப் பாதுகாப்புப் புதுப்பிப்பை நீட்டிக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை 30 டாலர். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். உரிமையாளர் தம் வீட்டு மடிக்கணினிக்கு அதையே செய்துகொண்டார். வணிக நிறுவனம் என்றால் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும், மூன்று ஆண்டுகள் வரை. வாங்கிவிடலாம் என்றேன். நான்கு மாதத்தில் ஓய்வு பெறப் போகிற கணினிக்கு ஓராண்டுக் கட்டணமா என்றார் உரிமையாளர். இணையக் கம்பியைப் பிடுங்கிவிடு, மின்னஞ்சல் எல்லாம் 2024இல் வாங்கிய புதுக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் தீர்வு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

பழைய விண்டோஸ் 7 கணினியை அப்படியே வைத்திருப்பது. ஆனால் அதை நம்பி இருப்பதைக் குறைத்துக்கொள்வது. பேஜ்மேக்கர் கோப்புகளை அதன் வாரிசான இன்டிசைன் மென்பொருள் சி.எஸ்.6 பதிப்பு வரை திறந்தது, பின்னால் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. இனி மறு அச்சு கேட்க வாய்ப்புள்ள கோப்புகளை அக்கா பொறுக்கி எடுத்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவார், மற்றவை பி.டி.எஃப். ஆகும்.

ஆகஸ்ட் 2025: கவுண்டர் கணினி

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, ஆடி 17. முழு டிஸ்கையும் வெளி டிஸ்குக்குப் படியெடுத்தேன். டிஸ்க் பிரிப்பை மாற்றி, டி.பி.எம்.மை இயக்கி, இருந்த இயங்குதளத்தின் மேலேயே விண்டோஸ் 11ஐ ஏற்றினேன். மதியத்துக்குள் முடிந்தது. இந்தத் தடவை தமிழை முதலில் சரிபார்த்தேன், லதா இருந்தது. ரசீதுப் பிரிண்டர், லேசர் பிரிண்டர், கணக்குச் செயலி எல்லாம் வேலை செய்தன. பத்து நாள்வரை பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம் என்பதால் நிம்மதியாகப் போனேன். பத்து நாளில் ஒரு புகாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 25 அன்று வந்தது. விநாயகர் சதுர்த்தி 27ஆம் தேதி. மராத்தியர் குழு ஒன்று வண்டிக்கான ஸ்டிக்கர் எழுத்துகளைக் கேட்டிருந்தது. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் கவுண்டர் கணினியோடு இணைந்தது. மாற்றத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாக அதை இயக்கினார்கள். இயந்திரத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான பழைய டிரைவரை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. பத்து நாள் எப்போதோ கடந்திருந்தது.

வேலைப் பட்டியலில் இந்த இயந்திரம் இருந்தது. மாற்றிய அன்று சோதித்தவற்றில் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டப்படும் இயந்திரம், அன்றைக்குக் கண்ணில் படவில்லை. தவறு என்னுடையது. படியெடுத்த டிஸ்கிலிருந்து முழுவதையும் மீட்டிருந்தால் மூன்று வார ரசீதுகளைப் பிரித்துச் சேர்க்க வேண்டியிருக்கும். அதனால் இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு போய் அக்காவின் விண்டோஸ் 10 கணினியில் இணைத்தோம். ஆர்டர் நேரத்துக்குப் போனது. அக்காவுக்குத்தான் கஷ்டம்: எழுத்து வெட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பினார்.

நவம்பரில் குவாத்ர் போர்ன் நகரில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, அதே உற்பத்தியாளரின் அடுத்த மாடலுக்கான டிரைவர் இதற்கும் பொருந்தும் என்றார். பொருந்தியது. மூன்று மாதம் நான் இதை ஒருவரிடமும் கேட்காமல் இருந்தேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

அக்டோபர் 14 அன்று வடிவமைப்புக் கணினியின் இணையக் கம்பியைக் கழற்றினோம். தீபாவளி வேலை தடையின்றி முடிந்தது. கோப்புகள் பென் டிரைவில் இங்கும் அங்கும் போய்வந்தன.

டிசம்பர் நடுவில், நாட்காட்டி வேலை உச்சத்தில் இருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் தம் பென் டிரைவை நேராக அக்காவிடமே கொடுத்துவிட்டார். அவரும் செருகிவிட்டார். சிறிது நேரத்தில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக நின்றன. பழைய ரக வைரஸ்தான். உண்மைக் கோப்புறைகள் அழியாமல் மறைந்திருந்தன. முந்தைய இரவின் காப்பும் இருந்தது. அரை நாள் வேலை போனது, அக்காவின் பொறுமையும் போனது.

நீட்டித்த புதுப்பிப்பை வாங்கியிருந்தால் இது நடந்திருக்காதா என்று உரிமையாளர் கேட்டார். நடந்திருக்கும். அந்தப் பணம் இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்கும். செருகப்படும் பென் டிரைவுக்குக் காவல் நிற்பது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர். விண்டோஸ் 10இல் டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியல்கள் 2028 அக்டோபர் வரை இலவசமாக வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆனால் அது இணையம் வழியாக வருவது. கம்பியைப் பிடுங்கியபோது நாங்கள் திருடனை மட்டும் அல்ல, காவலாளியையும் சேர்த்து வெளியே தள்ளியிருந்தோம். இரண்டு மாதம் பழைய பட்டியலோடு அந்தக் கணினி உட்கார்ந்திருந்தது. இணைப்பைத் துண்டிப்பது பாதுகாப்பு என்று ஒப்புக்கொண்டபோது இதை நான் நினைக்கவே இல்லை.

அன்றிலிருந்து வாடிக்கையாளரின் பென் டிரைவ் புதுக் கணினியில் மட்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பையன் பட்டியல் கோப்பைப் புதுக் கணினியில் இறக்கி, அக்காவின் கணினிக்குக் கொண்டுபோய் ஏற்றினார். தைப்பூசம் வரை தொல்லை இல்லை.

எழுத்து மாற்றம்

இதற்கிடையில் பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை மெல்ல நடந்தது. 8 பிட் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது, பிரெஞ்சின் தலைக்குறியிட்ட எழுத்துகளுக்கு உரிய இடங்களில். மாற்றும் செயலிக்கு எது தமிழ், எது பிரெஞ்சு என்று தெரியாது. முதல் அழைப்பிதழை மாற்றியபோது, பிரெஞ்சுப் பக்கத்தில் 'தெலெஃபோன்' என்ற சொல்லுக்குள் இரண்டு தமிழ் எழுத்துகள் வந்து குந்தியிருந்தன. மணமகளின் பெயரிலும் ஒன்று. தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே வெட்டி எடுத்து மாற்றி, மீண்டும் ஒட்டுவதைத் தவிர வழியில்லை. பதிகப் புத்தகத்தில் பிரெஞ்சு கிடையாது. ஆனால் 'ஔ' வரும் இடங்களில் எல்லாம் 'ஒ'வும் 'ள'வும் பிரிந்து நின்றன. அக்கா பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, வாய்விட்டுப் பாடிக்கொண்டே சரிபார்த்தார். கண் தவறவிட்டதைக் காது பிடித்தது என்றார்.

பிப்ரவரி 2026: வடிவமைப்புக் கணினி

பிப்ரவரி 21, மாசி பிறந்து ஒரு வாரம் கழித்து, புதுக் கணினியை அக்காவின் மேசையில் வைத்தோம். இருந்ததன் மேல் ஏற்றாமல், எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். பழைய கணினியை வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கவிட்டோம். ஆர்டர் நோட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வேலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டிலும் அச்சடித்து, இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார் அக்கா. இரண்டில் வரி நகர்ந்திருந்தது. ஒன்றில் நாங்கள் ஏற்ற மறந்த எழுத்துரு. மற்ற ஒன்பதும் பொருந்தின. விசைப்பலகைதான் அவருக்குத் தலைவலி. பழைய தட்டச்சுச் செயலியின் அமைப்பில் பழகிய விரல்கள் விண்டோஸில் உள்ள தமிழ் 99 விசை அமைப்புக்குத் திரும்ப மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தை நான் எந்தத் திட்டத்திலும் கணக்கிட்டிருக்கவில்லை.

மறுபடி செய்தால்

திரும்பிச் செல்வதற்கான பத்து நாளை ஒரு கட்டளை மூலம் 60 நாள் வரை நீட்டலாம்; மாற்றிய பின், அந்தப் பத்து நாள் முடிவதற்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த முறை நீட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். மாதம் ஒருமுறை வேலை செய்கிற இயந்திரம் உள்ள கடைக்குப் பத்து நாள் சோதனையே அல்ல.

61 டாலர் விஷயத்தில் உரிமையாளர் சரியா, நான் சரியா என்று இன்றும் பேசிக்கொள்கிறோம். கணினி இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் வாங்கத்தான் சொல்வேன். துண்டிப்பதாக இருந்தால், வைரஸ் பட்டியலை யார், எந்தக் கிழமையில் கொண்டுபோவது என்பதையும் பென் டிரைவ் எந்த மேசையில் நிற்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே எழுதி ஒட்டிவைப்பேன்.

பேஜ்மேக்கர் கணினி மூலையில் இன்னும் நிற்கிறது. மாசிக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் அதன் துணியை விலக்கினார்கள். அக்காவின் பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க், தேதி எழுதிய உறையில், வெள்ளம் எட்டாத மேல் அலமாரியில் இருக்கிறது. எப்போது தூக்கிப் போடலாம் என்று பையன் கேட்டார். அடுத்த தைப்பூசம் போகட்டும் என்றார் அக்கா.